ஏழாவது உருப்படி

கிளப்பை விட்டுப் போக ஒரு கடுதாசி வேண்டும் என்று கேட்பதற்காக மூக்கன் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டது வைகாசி மாதம் இருபதாம் தேதி. அரைமணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று பெண்டாட்டி காத்தாயியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் மேல் தப்பில்லை. அதுவரைக்கும் அவன் கிளப்பின் மைதானத்தைத்தான் பார்த்திருந்தான், கிளப்பைப் பார்த்ததில்லை.

திருமயம் கோட்டை யூனியன் கால்பந்துக் கழகம் புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்த நாளில் ஏற்பட்டது. சமஸ்தானம் போன வருஷம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. கழகம் எதோடும் சேரவில்லை. அதற்குக் கோட்டைக்குக் கிழக்கே ஒரு பொட்டலும் கடைவீதியில் ஓடு போட்ட ஒரு கட்டிடமும் உண்டு. பொட்டலில் பதினோரு பேர் ஆடுவார்கள். கட்டிடத்தில் பதினைந்து பேர் நிர்வாகம் செய்வார்கள். ஆடுகிறவர்கள் கட்டிடத்தின் படிக்கட்டு வரை வரலாம், உள்ளே வரக்கூடாது. நிர்வாகம் செய்கிறவர்கள் பொட்டலுக்கு வருவது உண்டு, நாற்காலி போட்டால்.

மூக்கன் சோடாக் கடையில் மிஷின் சுற்றுகிறவன். வயசு இருபத்து மூணு. பூட்ஸ் போட்டுப் பழக்கமில்லை. வெறுங்காலோடு, அதுவும் இடது காலால், பந்தைத் தொட்டானென்றால் அது வளர்த்த நாய் மாதிரி கூடவே வரும். பொன்னமராவதிக்காரர்களும் அரிமளத்துக்காரர்களும் "நொட்டாங்கால் மூக்கன் வாரானா?" என்று விசாரித்துக்கொண்டுதான் போட்டிக்குத் தேதி கொடுப்பார்கள்.

சித்திரையில் பொன்னமராவதியில் நடந்த ஆட்டத்தை மதுரையிலிருந்து வந்த சிவசாமி என்பவர் பார்த்தார். அங்கே ஒரு பஞ்சாலையில் அவர் குமாஸ்தா. மில் டீமுக்கு ஆள் பிடிப்பதும் அவர் பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும் மூக்கனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"வேலை பெர்மனெண்ட்டு. லைன் வீடு ஒண்ணு உண்டு. காம்பவுண்டுக்குள்ளயே ஆஸ்பத்திரி, நர்சம்மா ராப்பகலா இருப்பாங்க. ஒங்க கிளப்புலேருந்து விடுதலைக் கடுதாசி ஒண்ணு வாங்கிட்டு வந்துரு. அது இல்லாம எடுத்தா வம்பாயிரும். ஆவணி பத்துக்குள்ள வரணும், அதுக்கு மேல எடம் நிக்காது."

வேலையும் வீடும் மூக்கன் காதில் விழுந்தன. ஆஸ்பத்திரி அவன் நெஞ்சில் விழுந்தது. போன ஐப்பசியில் காத்தாயி இரண்டு நாள் வலியில் கிடந்தாள். மூணாம் நாள் வண்டி பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். நமணசமுத்திரம் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது. அவளை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தான். இப்போது அவளுக்கு மறுபடி ஐந்தாம் மாசம்.

ஆக, வைகாசி இருபதாம் தேதி மூக்கன் படிக்கட்டில் நின்றான். காரியதரிசி ஆத்மநாதன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மினிட் புத்தகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஊரில் வேறு எதற்கும் அது தேவைப்படாததால் கழகத்துக்குக் கொடுத்திருந்தார்.

"ஐயா, நான் மதுரைக்குப் போறேங்க. ஒரு கடுதாசி..."

"நிறுத்து. வாய்மொழியா வர்ற விண்ணப்பத்த நான் கேக்கக் கூடாது. கேட்டுட்டாலும் காதுல விழுந்ததா வச்சுக்க முடியாது. எழுதிக் கொண்டா."

மூக்கன் பத்திரம் எழுதுகிறவரிடம் போய் எழுதிக்கொண்டு வந்தான். ஆத்மநாதன் அதை வாங்கி, ஓரத்தில் நூல் கோத்து, ஒரு பையில் போட்டார். காரியக் கமிட்டி கூடும்போது சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். பதினெட்டு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்.

கழகத்தின் தலைவர் ரத்தினவேல், சமஸ்தானத்தில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்ததே தவிர அவர் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. தலைப்பாகையோடு நடு நாற்காலியில் உட்கார்ந்து, படிக்கட்டில் நின்ற மூக்கனைப் பார்த்துப் பேசினார்.

"மூக்கா, நான் என் ஆயுளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. கையாலும் தொட்டதில்லை. இந்தக் கமிட்டியில் உள்ள பதினைந்து பேரும் அப்படித்தான். பந்தின் மேல் எங்களுக்கு ஆசையும் கிடையாது, கோபமும் கிடையாது. அதனால்தான் எங்களால் நடுநிலையோடு நிர்வாகம் செய்ய முடிகிறது. உன்னைப் போன்றவர்களிடம் விட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? ஆடிக்கொண்டே இருப்பீர்கள்!"

பதினைந்து பேரும் மேஜையைத் தட்டினார்கள்.

ஆத்மநாதன் கழகத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துப் பதினேழாவது விதியை வாசித்தார். சமஸ்தான எல்லைக்கு வெளியே ஆடப் போகும் ஆட்டக்காரர் தர்பாரின் சம்மதம் பெற வேண்டியது.

"ஐயா," என்றார் கடைசி நாற்காலியில் இருந்த ஒருவர், "தர்பார்தான் போன வருஷமே கலைஞ்சு போச்சுங்களே..."

"தர்பார் போயிருக்கலாம்," என்றார் ரத்தினவேல். "விதி எங்கேயும் போகவில்லை. எழுதுங்கள்."

புதுக்கோட்டை தர்பார் அவர்கள் சமூகத்துக்கு என்று விலாசமிட்டு ஒரு கடிதம் போனது. ஆனி மாதம் அது திரும்பி வந்தது. உறையின் மேல் தபால்காரர் சிவப்பு மசியில் "இல்லை" என்று எழுதியிருந்தார். மூக்கன் மறுபடி படிக்கட்டில் போய் நின்றான். இப்போதாவது தர்பார் இல்லை என்று தெரிந்துவிட்டது, கடுதாசி கொடுத்துவிடுவார்கள் என்று காத்தாயியிடம் சொல்லியிருந்தான்.

ரத்தினவேல் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"'சம்மதம்' என்று எழுதியிருந்தால் நீ போகலாம். 'சம்மதம் இல்லை' என்று எழுதியிருந்தால் நீ இருக்கலாம். 'இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எது இல்லை என்று சொல்லவில்லை. மேலிடத்து வார்த்தைக்கு நாமாகப் பொருள் சொல்வது மரியாதையாகாது. ஒரு ஞாபகக் கடிதம் போடுங்கள்."

ஞாபகக் கடிதமும் "இல்லை" என்றே திரும்பி வந்தது. மூன்றாவது கடிதம் போட்டார்கள்.

காத்தாயிக்கு ஆறாம் மாசம் முடிந்திருந்தது. கால் வீங்க ஆரம்பித்தது. சோறு பொங்கி இறக்கும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நிற்பாள். மூக்கன் வீட்டுக்குள் நுழையும்போது அவன் கையைப் பார்ப்பாள். கையில் காகிதம் இருக்காது.

கோல் பிடிக்கும் கருப்பன் ஒரு யோசனை சொன்னான்.

"நீ நல்லா ஆடுற, அதுனாலதான் விட மாட்டேங்குறாங்க. ஆடாம நின்னு பாரு. அவுங்களே தொரத்திருவாங்க."

மூக்கனுக்கு அது சுலபமான காரியமாக இல்லை. பந்து பக்கத்தில் வரும்போது கால் அவனைக் கேட்காமலே போகும். ஆனாலும் ஆனி கடைசியில் பொன்னமராவதியோடு நடந்த ஆட்டத்தில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவே எல்லைக்கல் மாதிரி நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஜனங்கள் கத்தினார்கள். அசையவில்லை.

பொன்னமராவதிக்காரர்கள்தான் பயந்துபோனார்கள். நொட்டாங்கால் மூக்கன் சும்மா நிற்கிறானென்றால் என்னமோ திட்டம் இருக்கிறது என்று மூன்று பேர் அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றார்கள். மிச்சமிருந்த எட்டுப் பேரை ஏமாற்றி, திருமயத்தின் மற்றப் பத்துப் பேரும் இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள்.

மறுநாள் கமிட்டி கூடி, மூக்கனின் "நின்றாடும் முறை"யைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. இனிமேல் ஆட்டக்காரர்கள் அனைவரும் இம்முறையையே பின்பற்ற வேண்டும் என்றும் முடிவாயிற்று. அடுத்த வாரம் அரிமளத்தில் பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏழு கோல் விழுந்தது. ஏழாவது கோலை அடித்த அரிமளத்துப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டே அடித்தான். கமிட்டி ஆராய்ந்து பார்த்து, மூக்கனைத் தவிர மற்றப் பத்துப் பேரும் போதிய ஈடுபாட்டோடு நிற்கவில்லை என்று கண்டுபிடித்தது.

ஆடி பிறந்தது. நிற்பதால் ஒன்றும் ஆகாது என்று மூக்கனுக்குத் தெரிந்துவிட்டது. ஆடி ஐந்தாம் தேதி உள்ளூர் ஆட்டத்தில் பந்தை வாங்கி, திரும்பி, தன்னுடைய ஆட்களையே ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு ஓடினான். "ஏய், ஏய், இங்கிட்டு எங்கடா வார?" என்று கருப்பன் அலறினான். மூக்கன் இடது காலால் ஒரு சுண்டு சுண்டினான். பந்து கருப்பனின் விரல் நுனியை உரசிக்கொண்டு மேல் மூலையில் போய் விழுந்தது. அவன் ஆயுளில் போட்ட கோல்களிலேயே அதுதான் அழகானது. தன் பக்கத்துக் கோலுக்குள் போட்டிருந்தான். போட்டுவிட்டு, துரத்தப்படுவதற்குத் தயாராக அங்கேயே நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

துரத்தவில்லை. விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு ஆறு நாள் காபி குடித்து விசாரித்தது. ஆட்டக்காரர் கழகத்தில் சிறந்தவர், அவர் தவறு செய்ய வாய்ப்பில்லை. கோல் பிடிப்பவர் பாய்ந்திருக்கிறார், கடமை தவறவில்லை. கம்பங்கள் நட்ட இடத்திலேயே நின்றிருக்கின்றன. ஆகவே கோலுக்குள் போனது பந்து ஒன்றுதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிறது. பந்தை ஆவணி முடியும்வரை தற்காலிகமாக நீக்கி வைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

கழகத்துக்கு இருந்தது அந்த ஒரு பந்துதான். ஆனாலும் பயிற்சியை நிறுத்தக் கூடாது என்று உத்தரவாயிற்று. சாயங்காலம் பதினோரு பேரும் பொட்டலில் பந்தில்லாமல் ஓடினார்கள். மூன்றாம் நாள் கருப்பன் ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டான். பந்து எந்தப் பக்கம் வந்தது என்பதில் அவனுக்கும் இன்னொருத்தனுக்கும் சண்டை கூட வந்தது. ஆத்மநாதன் மினிட் புத்தகத்தில் "பயிற்சி திருப்திகரம்" என்று எழுதினார்.

மூக்கன் பொறுக்க மாட்டாமல் படிக்கட்டுக்கு ஓடினான்.

"ஐயா, பந்து மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான்தாங்க வேணும்னு அடிச்சேன். சத்தியமா வேணும்னேதாங்க. என்னத் தள்ளி வைங்க."

ரத்தினவேல் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"பாருங்கள்! ஒரு பந்தின் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். இப்படிப்பட்டவனையா மதுரைக்கு விடுவது?"

மூக்கனுக்கு நன்னடத்தைப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். காத்தாயி காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்திருக்கப் பார்த்தாள். இது அந்தக் கடுதாசி இல்லை என்று சொல்ல அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆடி இருபத்தைந்து. இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. மூக்கன் ஒரு முடிவோடு போனான்.

"ஐயா, எனக்கு விடுதலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் ராஜினாமா பண்றேங்க."

ஆத்மநாதன் பரிதாபமாகப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு நீளமான புத்தகத்தை எடுத்து வந்து, மூக்கன் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"ராஜினாமா மெம்பர்தான் பண்ணலாம். நீ மெம்பர் இல்லப்பா. இதப் பாரு, ஸ்டாக் புத்தகம். கிளப்போட தளவாடம் பூராவும் இதுல இருக்கு."

மூக்கன் மூணாங்கிளாஸ் வரை படித்தவன். விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். ஒன்று, தோல் பந்து. இரண்டு, காற்றடிக்கும் பம்பு. மூன்று, கோல் வலை, கிழிசல். நான்கு, விசில். ஐந்து, பெஞ்சு. ஆறு, தலைவர் அவர்களின் படம், கண்ணாடிச் சட்டத்துடன். ஏழு, மூக்கன்.

அவன் திரும்ப ஒரு தடவை கூட்டிப் படித்தான். அதே எழுத்துத்தான்.

"இது... நானுங்களா?"

"ஒன் நன்மைக்குத்தான் எழுதினேன். மூணு வருஷத்துக்கு முந்தி கணக்குப் பாக்குற ஆடிட்டருங்க வந்தாங்க. வெளியூர் போறப்ப மூக்கனுக்கு எதுக்குப் பஸ் டிக்கெட்டுன்னு கேட்டாங்க. ஆளுக்கு டிக்கெட் போட விதியில எடமில்ல. சாமானுக்கு உண்டு. அதுனால ஒன்னையச் சாமானாக்கிட்டேன். இல்லேன்னா நீ அறந்தாங்கிக்கு நடந்துல்ல போயிருப்ப?"

"அப்ப நான் எப்படிங்க வெளிய போறது?"

"சாமான் தானா வெளிய போக முடியாது. பழுதாகி, இனிமே ஒதவாதுன்னு கமிட்டி பார்த்துக் கழிச்சாத்தான் உண்டு." ஆத்மநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கால், கை ஏதாச்சும் ஒடிஞ்சா சொல்லு. சட்டுனு முடிச்சுத் தாரேன்."

அதற்கப்புறம் பத்து நாள் மூக்கன் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. ஆவணி ஐந்தாம் தேதி உச்சிவேளை. சோடாக் கடையின் பின்கட்டில், பாட்டில் நிறைந்த மரப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கினான். கீழே ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அடுக்கைப் பிடித்து இழுத்தால் போதும். கையும் போட்டுவிட்டான்.

அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்த காத்தாயி வாசற்படியிலேயே தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எட்டாம் மாசத்து வயிற்றோடு அவள் ஓடியதைப் பார்த்துத்தான் அவன் கையை எடுத்தான்.

"கால ஒடச்சுக்கிட்டா மில்லுக்காரன் எதுக்கு ஒன்ன எடுக்கப் போறான்?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் உக்காந்தியா?"

மூக்கன் செங்கல்லைப் பார்த்தபடி, "நான் சாமானாம் புள்ள. அவுங்க சொத்தாம். புத்தகத்துல எழுதியிருக்கு," என்றான்.

காத்தாயி அவன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி அடங்க நேரமாயிற்று. பிறகு, ஏதோ கணக்குப் பிடிபடாதவள் மாதிரி கேட்டாள்.

"எங்கப்பன்கிட்ட ஒரு மாடு இருந்துச்சு. அதச் சொத்துன்னுதான் சொல்லுவாரு. ஆனா அதுக்கு வைக்கல் போட்டாரு, தண்ணி காட்டுனாரு, மழ வந்தா கொட்டில்ல கட்டுனாரு. ஒன்ன எவன்யா கட்டுனான்? ஒனக்கு எவன் தண்ணி காட்டுனான்?"

மறுநாள் காலை அவள் ரெண்டு சட்டியையும் ஒரு உலைப்பானையையும் சாக்கில் கட்டி மூக்கன் தலையில் ஏற்றினாள். மூன்று கல்லையும் ஒரு கட்டு முள் விறகையும் தான் எடுத்துக்கொண்டாள். கடைவீதி வழியாக நடந்து, படிக்கட்டில் ஏறி, நிற்காமல் உள்ளே போய், தலைவர் படத்துக்குக் கீழே கல்லைக் கூட்டி வைத்தாள். ஆத்மநாதன் பேனாவோடு எழுந்து நின்றார்.

"இந்தாம்மா, இங்க பொம்பளைங்க வரக்கூடாது! விதி இருக்கு!"

"நான் பொம்பளையா வரலீங்க. சொத்தோட சொத்தா வந்திருக்கேன். ஒங்க சாமான ஒங்ககிட்டயே கொண்டாந்து விட்டுட்டேன், எடுத்து உள்ள வைங்க. இவுகளுக்கு மூணு வேளையும் சோறு வேணும். வகுத்துல ஒண்ணு இருக்கு, அதையும் எழுதிக்கங்க, எட்டுன்னு."

"மூக்கா, நீயாவது சொல்லப்பா!"

"சாமான் எப்படிங்க பேசும்?" என்றான் மூக்கன். கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது உண்மையாகவே தெரியவில்லை.

காத்தாயி அடுப்பை மூட்டினாள். விறகு பச்சை. புகை எழும்பித் தலைவர் படத்தின் கண்ணாடியில் போய் அப்பியது. முதலில் மீசை மறைந்தது, பிறகு தலைப்பாகை. மறுநாள் காலையில் கழகத்தின் ஆண்டு விழா. பெரிய அதிகாரி ஒருவர் வந்து அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார வேண்டும்.

ரத்தினவேல் வந்தார், இருமினார், வெளியே போனார், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மறுபடி வந்தார். கூடுவதற்குப் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்ட கமிட்டி கால்மணி நேரத்தில் கூடியது. கோரத்துக்குப் போதுமான தலைகள் இருக்கின்றனவா என்று யாரும் எண்ணவில்லை. தர்பாரின் சம்மதத்தைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"உருப்படி ஏழைப் பார்வையிடுவோம்," என்றார் ரத்தினவேல், துண்டுக்குள்ளிருந்து.

மூக்கனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். மூன்று பேர் அவன் காலைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர், "ரெண்டு காலும் ஒரே நீளமாத்தானே இருக்கு?" என்று சந்தேகப்பட்டார். ரத்தினவேல் அவரை முறைத்தார்.

"எழுதுங்கள். உருப்படி ஏழு, வலது காலைப் பயன்படுத்தும் வழக்கத்துக்கு மாறாக இடது காலையே பயன்படுத்தி வருவதாகத் தெரிகிறது. பழுது பிறவியிலேயே உள்ளது. பழுது பார்க்க இயலாது. ஆட்டத்துக்கு உதவாதது என்று கழித்துக் கட்டப்படுகிறது."

ஆத்மநாதன் அந்தப் புகையிலும் எழுத்துக் கோணாமல் எழுதினார். முத்திரை விழுந்தது. மூக்கன் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். படிக்கட்டில் இறங்கும்போது முத்திரையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். காத்தாயி பொங்கிய சோற்றைப் பானையோடு எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

ஆவணி எட்டாம் தேதி பஸ்ஸில் மதுரைக்குப் போய், ஒன்பதாம் தேதி காலையில் மில் வாசலில் நின்றார்கள். சிவசாமி சந்தோஷமாக வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"மூக்கா, ஆட்டத்துக்கு ஒதவாதவன்னு போட்டிருக்கேப்பா."

"ஐயா, நீங்களே பாத்தீங்களே பொன்னமராவதியில..."

"நான் பாத்தது வாய்ப்பேச்சு. இது முத்திரை போட்ட காயிதம். இத வச்சுக்கிட்டு ஒன்ன டீமுல எடுத்தா எங்க கமிட்டி என்ன விடுமா?"

மூக்கன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காத்தாயி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவசாமி அவள் வயிற்றைப் பார்த்தார், வீங்கிய காலைப் பார்த்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"கிடங்குல மூட்டை தூக்க ஆள் வேணும்னு கேட்டிருந்தாங்க. காயிதத்துல காலப் பத்தித்தான் எழுதியிருக்கு, கையப் பத்தி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். பெர்மனெண்ட்டுதான். வீடும் உண்டு." குனிந்து அவன் தோளைத் தொட்டார். "ஒண்ணே ஒண்ணு. பந்துப் பக்கம் போயிராத. ஒரு தடவ ஒங்கால்ல பட்டு அது நல்லாப் போச்சுன்னு வையி, இந்தக் காயிதம் பொய்யாயிரும். பொய்யாச்சுன்னா நீ திரும்ப அவுக சாமான். வேலையும் போயிரும்."

மூக்கன் சரியென்று தலையாட்டினான். அப்போது எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பான்.

புரட்டாசியில் காத்தாயிக்கு வலி கண்டது. இந்தத் தடவையும் லேசில் வரவில்லை. ஒரு பகல் பூராவும் மில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூக்கன் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் நர்சம்மா வெளியே வந்து பெண் பிள்ளை என்று சொன்னாள். ரெண்டு உசிரும் பிழைத்தன. அழகி என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த வருஷம் மில் மைதானத்தில் நடந்த போட்டிக்குத் திருமயம் கோட்டை யூனியன் வந்து இறங்கியது. மூக்கன் பிள்ளையையும் காத்தாயியையும் கூட்டிக்கொண்டு போய் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப் போயிருந்தது. ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரத்தினவேலும் ஆத்மநாதனும் அவனைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல், பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

"மூக்கா, கழகத்தின் மானம் உன் காலில் இருக்கிறது. ஒரே ஒரு ஆட்டம்."

மூக்கன் எழுந்து நின்றான். கை தானாகக் கும்பிட்டது.

"நான் ஆட்டத்துக்கு ஒதவாதவனுங்களே ஐயா."

"அது நிர்வாக ரீதியாக. ஆட்ட ரீதியாக நீ உதவுவாய் என்று எங்களுக்கு எப்போதுமே தெரியும்."

"அப்ப அந்தக் காயிதத்த மாத்தி எழுதித் தாங்க ஐயா. ஒதவுற ஆளு, எங்க வேணும்னாலும் ஆடலாம்னு. இன்னைக்கே ஆடுறேன்."

ரத்தினவேல் ஆத்மநாதனைப் பார்த்தார். ஆத்மநாதன் கூசிக்கொண்டே, "கழிச்சதத் திரும்ப ஏத்தணும்னா ஸ்டாக்குலதான் ஏத்த முடியும். ஆளா ஏத்துறதுக்குப் புத்தகமே இல்லப்பா," என்றார்.

மூக்கன் உட்கார்ந்துவிட்டான்.

பத்துப் பேரோடு ஆட்டம் தொடங்கியது. கருப்பன் அன்றைக்கு நன்றாகத்தான் பிடித்தான். இரண்டாம் பாதியில் மில்காரன் ஒருவன் அடித்த பந்தை அவன் தட்டிவிட்டான். அது உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டி, நேரே மூக்கன் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்து வந்தது. "மூக்கா, அடிச்சு விடுடா!" என்று கருப்பன் பழைய ஞாபகத்தில் கத்தினான். சிவசாமி எதிர் வரிசையிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்து அவன் பாதத்துக்கு ஒரு முழத்துக்கு முன்னால் வந்து நின்றது. மூக்கனின் இடது கால் அவனைக் கேட்காமல் துடித்தது. தொடையிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் இழுத்தது.

காத்தாயி பிள்ளையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையை அவன் முழங்காலின் மேல் வைத்து அழுத்தினாள். யாரோ ஒருவர் ஓடி வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார். ஆட்டம் மறுபடி தொடங்கி வெகுநேரம் ஆன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.